சுகருக்கு என்ன சாப்பிடலாம், எவ்ளோ சாப்பிடலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனைக்கு வர்றவங்க கேக்குற சந்தேகத்துல முக்கால்வாசி திரும்பத் திரும்ப வர்றதுதான், அவசரத்துல பாதி சொல்லி பாதி விட்டுப்போகுதுன்னு தோணுச்சு, அதனால அவங்க கேக்குற மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வச்சிருக்கேன். இது பெரியவங்களுக்கு வர்ற டைப் 2 சுகருக்கு மட்டும். டைப் 1, கர்ப்ப காலத்துல வர்ற சுகர் ரெண்டுக்கும் கணக்கு வேற. கீழ வர்ற சுகர் நம்பர் எல்லாமே நூறு மில்லி ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ்ங்கிற கணக்கு.

நான் இனிப்பு அவ்ளோ சாப்பிடுற ஆளே இல்ல, எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?

முதல்ல அந்த குற்ற உணர்ச்சிய இறக்கி வச்சிடுங்க, ஏன்னா அது இருக்கிற வரைக்கும் சாப்பாட்ட பத்தி நிதானமா யோசிக்கவே முடியாது. டைப் 2ல இன்சுலின் சுரக்கத்தான் செய்யுது, ஆனா தசையும் கல்லீரலும் அந்த இன்சுலினுக்கு சரியா கட்டுப்பட மாட்டேங்குது. கணையம் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கூடுதலா சுரந்து பல வருஷம் சமாளிக்கும், அதால முடியாம போற கட்டத்துலதான் ரிப்போர்ட்ல சுகர் தெரிய வரும். பரம்பரை, வயித்துக்குள்ளயும் கல்லீரல்லயும் சேர்ற கொழுப்பு, உட்கார்ந்தே இருக்கிற வேலை, வயசு, ஸ்டீராய்டு மாதிரி சில மருந்துகள்னு பல காரணம் சேர்ந்து வர்றது இது.

இனிப்பான குளிர்பானம் தினமும் குடிக்கிறவங்களுக்கு ரிஸ்க் அதிகம்ங்கிறது உண்மை. ஆனா இனிப்பே தொடாதவங்களுக்கும் வரும், தினமும் பாக்குறேன்.

எவ்ளோ இருந்தா சுகர்னு சொல்வாங்க? எனக்கு 118 இருக்கு, இது சுகரா இல்லையா?

எட்டு மணி நேரமாவது ஒண்ணும் சாப்பிடாம எடுத்த ரத்தத்துல 126 இல்ல அதுக்கு மேல இருந்தா சுகர், 100ல இருந்து 125 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம். ஏ1சி டெஸ்ட்ல (கடைசி ரெண்டு மூணு மாச சராசரிய காட்டுறது, அடுத்த கேள்வியில விவரமா இருக்கு) 6.5 சதவீதமும் அதுக்கு மேலயும் சுகர், 5.7ல இருந்து 6.4 வரைக்கும் முந்தின கட்டம். அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு ரிசல்ட்ட வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணுவாங்க.

118 வெறும் வயித்துல எடுத்ததுன்னா நீங்க முந்தின கட்டத்துல இருக்கீங்க, அதாவது உணவும் நடையும் ரொம்ப நல்லா வேலை செய்யிற இடத்துல இருக்கீங்க. 2002ல அமெரிக்காவுல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, இந்த கட்டத்துல இருந்தவங்க உடம்பு எடையில 7 சதவீதம் குறைக்கிறது, வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சின்னு இலக்கு வச்சு செஞ்சப்ப சுகரா மாறுறது 58 சதவீதம் குறைஞ்சுது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு 31 சதவீதம். அதனால "இன்னும் வரல, வந்தப்ப பாத்துக்கலாம்"னு தயவு செஞ்சு விட்டுடாதீங்க.

ஏ1சின்னா என்ன, அது எவ்ளோ இருக்கணும்?

ரத்த சிவப்பணுவுல சர்க்கரை எவ்ளோ ஒட்டியிருக்குன்னு பாக்குறது. சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள்ங்கிறதால கடைசி ரெண்டு மூணு மாச சராசரிய காட்டும். 6ன்னா சராசரி சுகர் 126, 7ன்னா 154, 8ன்னா 183னு தோராயமா வச்சுக்கலாம். நிறைய பேருக்கு 7க்கு கீழங்கிறது பொதுவான இலக்கு. ரொம்ப வயசானவங்க, அடிக்கடி லோ சுகர் (சுகர் 70க்கு கீழ இறங்குறது) ஆகுறவங்க, வேற பெரிய நோய் இருக்கிறவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட உங்க நம்பர ஒப்பிட வேணாம்.

சர்க்கரையே போடாமதான் டீ குடிக்கிறேன், ஸ்வீட் தொடுறதே இல்ல, அப்புறமும் ஏன் ஏறுது?

இனிப்பா இருக்கிறது மட்டும்தான் சர்க்கரை ஆகும்னு நினைக்கிறதால வர்ற குழப்பம் இது. சோறு, ரொட்டி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, பிஸ்கட், ஓட்ஸ் எல்லாத்துலயும் இருக்கிற மாவுச்சத்து குடல்ல குளுக்கோஸா உடைஞ்சுதான் ரத்தத்துக்கு வருது. சர்க்கரை, மாவுச்சத்து ரெண்டையும் சேர்த்துத்தான் கார்ப்னு சொல்றோம், சாப்பிட்டவுடனே மீட்டர்ல தெரியிற ஏத்தத்துக்கு பெரும்பாலும் அதோட மொத்த அளவுதான் காரணம்.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில 4 கிராம் கார்ப். வெந்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம். தட்டுல 300 கிராம் சோறு போட்டா 80 கிராமுக்கு மேல போயிடுது, அது இருபது டீஸ்பூன் சர்க்கரைக்கு மேல. டீயில ஒரு ஸ்பூன விட்டது நல்லதுதான், விட வேணாம்னு சொல்லல, ஆனா பெரிய ஏத்தம் அங்கேருந்து வரல, தட்டுலருந்து வந்திருக்கு.

அப்போ சோறே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். அளவுதான் மாறணும், அதுவும் உங்க உடம்புக்கு எந்த அளவு ஒத்துக்குதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணனும். ஆரம்பிக்க சுலபமான வழி, தட்ட மனசுல பிரிச்சுக்கிறது: பாதித் தட்டு மாவுச்சத்து இல்லாத காய் (கீரை, பீன்ஸ், முட்டைகோஸ், வெள்ளரி, தக்காளி, கத்தரி மாதிரி), கால் தட்டு புரோட்டீன் (மீன், முட்டை, கோழி, பருப்பு, பயறு), மீதி கால் தட்டு சோறோ ரொட்டியோ கிழங்கோ. கிழங்க காய் கணக்குல சேர்த்துட்டு சோறும் தனியா வைக்கிறதுதான் நான் அடிக்கடி பாக்குற தப்பு, கிழங்கு சோத்தோட கணக்குல வரும். பருப்பு, பயறுலயும் கார்ப் இருக்கு, ஆனா நார்ச்சத்தோட சேர்ந்து வர்றதால மெதுவா ஏறும்.

ஒரு வாரத்துக்கு மட்டும் சமையலறை தராசுல சோத்த எடை போட்டு வைங்க. அப்புறம் கண்ணாலயே தெரிஞ்சிடும், வாழ்நாள் பூரா எடை போட வேண்டியதில்ல. "நான் கொஞ்சம்தான் சாப்பிடுறேன்"னு உண்மையாவே நம்பி சொல்றவங்க தராசுல வச்சு பாத்துட்டு ஆச்சரியப்படுறாங்க.

அரிசிய விட்டுட்டு கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் மாறிட்டேன், ஆனா ரிசல்ட் ஒண்ணும் மாறலயே?

ஏன்னா உலர்ந்த தானியம் எத எடுத்தாலும் நூறு கிராமுக்கு கார்ப் பெரிய வித்தியாசம் இருக்காது, அரிசி 80க்கு பக்கம், கோதுமை மாவு 70க்கு மேல, ஓட்ஸ் 65 சுமாருக்கு. முழுதானியத்துல நார்ச்சத்து கூட இருக்கு, பசி அடங்கும், மெதுவா ஏறும், அந்த வகையில மாறுனது நல்லதுதான். ஆனா "இது சுகருக்கு நல்லது"ன்னு சொல்லிக்கிட்டே ரெட்டிப்பா சாப்பிட்டா அந்த லாபம் அங்கயே போச்சு. ஓட்ஸ்லயும் வெந்நீர் ஊத்தின உடனே கரையிற இன்ஸ்டன்ட் வகை, கெட்டியா நறுக்கின வகைய விட வேகமா ஏத்தும். எவ்ளோ பொடிச்சிருக்கு, எவ்ளோ குழைய வேக வச்சிருக்குங்கிறதும் சேர்ந்துதான் வேகம் மாறுது.

கிளைசெமிக் இண்டெக்ஸ் பட்டியல், அதாவது எந்த உணவு சுகர எவ்ளோ வேகமா ஏத்தும்னு நம்பர் போட்ட பட்டியல், எல்லாரும் கேக்குறாங்க. 1981ல டொரன்டோவுல டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டு வந்தது அது. 55 வரைக்கும் குறைவு, 70க்கு மேல அதிகம். உபயோகமான பட்டியல்தான், ஆனா அது வேகத்த சொல்லுதே தவிர நீங்க சாப்பிட்ட அளவ சொல்லாது. தர்பூசணிக்கு அந்த நம்பர் அதிகம், ஆனா ஒரு துண்டுல பெரும்பாலும் தண்ணிதான், கார்ப் கம்மி, அதனால ஒரு துண்டு சாப்பிட்டா நம்பர் பயமுறுத்துற அளவுக்கு ஏறாது.

பழம் சாப்பிடலாமா? ஜூஸ் போட்டு குடிச்சா சத்துதானே?

முழுப் பழம் சாப்பிடலாம். ஜூஸ் வேணாம், வீட்ல சர்க்கரை போடாம பிழிஞ்சாலும் வேணாம். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூணு பழமாவது போகும், நார் எல்லாம் வடிகட்டியாச்சு, மெல்ல வேண்டிய வேலை இல்ல, அரை நிமிஷத்துல உள்ள போயிடும். அதே மூணு ஆரஞ்ச உரிச்சு சாப்பிடுங்கன்னா பாதியிலயே போதும்னு தோணும்.

அளவு எவ்ளோன்னா ஒரு வேளைக்கு சுமார் 15 கிராம் கார்ப் வர்ற மாதிரி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க: ஒரு சின்ன ஆப்பிள், இல்ல நடுத்தர வாழைப்பழத்துல பாதி. சாப்பாட்டோட சேர்த்து சாப்பிடுறதா இருந்தா சோத்துல அந்த அளவு குறைங்க.

சர்க்கரைக்கு பதிலா தேனோ பழுப்புச் சர்க்கரையோ சேர்த்துக்கலாம்ல?

ரத்தத்துக்கு போனா எல்லாம் ஒண்ணுதான். தேன்ல எண்பது சதவீதம் சர்க்கரை. ஒரு டேபிள்ஸ்பூன் தேன்ல சுமார் 17 கிராம் கார்ப், அதே ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையில 12 சுமாருக்கு, ஏன்னா தேன் கனம். இயற்கையானதுன்னு சொல்றதுக்கும் சுகர் ஏறாதுன்னு சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லங்க.

"சுகர் ஃப்ரீ"ன்னு போட்ட பிஸ்கட் தைரியமா சாப்பிடலாமா?

பாக்கெட்ட திருப்பி பின்னாடி பாருங்க. முன்னாடி என்ன எழுதியிருந்தாலும் பின்னாடி "மொத்த கார்போஹைட்ரேட்"னு ஒரு வரி இருக்கும், அதுதான் உங்க நம்பர். அந்த பிஸ்கட்டும் மாவுலதான செய்றாங்க. சர்க்கரை பூஜ்யம்னு போட்டுட்டு மால்டோடெக்ஸ்ட்ரின்னு மாவுச்சத்துலேருந்து எடுக்குற பொடிய சேர்த்திருப்பாங்க, அது குளுக்கோஸ் மாதிரியே வேகமா ஏத்தும். பரிமாறும் அளவுன்னு சின்னதா போட்டிருக்கறதையும் பாத்துக்கோங்க, ரெண்டு பிஸ்கட்டுக்கு போட்ட கணக்கா இருக்கும், நீங்க ஆறு சாப்பிட்டிருப்பீங்க.

டீயில போடுற செயற்கை இனிப்ப பத்தியும் கேக்குறாங்க. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் எடை குறைக்க இத நம்ப வேணாம்னு சொன்னது நிஜம், ஆனா அந்த பரிந்துரை ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களுக்கு பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு, அந்த வரிய யாரும் சொல்றதில்ல. அளவா சேர்த்துக்கிட்டா சுகர் ஏறாது. முடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா இனிப்பு ருசியையே குறைச்சுக்கிறது இன்னும் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

முட்டை, நட்ஸ், எண்ணெய்ல கார்ப் இல்லயே, எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்ல?

மீட்டர் ஏறாது, எடை ஏறும். எடை ஏறினா இன்சுலினுக்கு உடம்பு இன்னும் கட்டுப்படாம போகும், முதல் கேள்வியில சொன்ன அதே சுழல். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி, கையளவு நட்ஸ் 170, 180 வரும். நட்ஸ் நல்ல உணவுதான், ஒரு கையளவோட நிறுத்திக்கோங்க. இன்னொண்ணு, சுகர் இருக்கிறவங்களுக்கு இதய நோய் ரிஸ்க் அதிகம், அதனால வெண்ணெய், கொழுப்பு ஜாஸ்தி இருக்கிற இறைச்சியெல்லாம் குறைச்சு மீன், பயறு, நட்ஸ் பக்கம் போறது சுகருக்காக மட்டும் சொல்றதில்ல, உங்க இதயத்துக்காகவும்தான்.

வீட்ல மீட்டர்ல எப்போ பாக்கணும்? தினமும் காலைல மட்டும் பாத்தா போதுமா?

காலைல வெறும் வயித்து நம்பர் ராத்திரி கல்லீரல் என்ன பண்ணுச்சுன்னு சொல்லும், மத்தியானம் நீங்க சாப்பிட்டது எப்படி போச்சுன்னு சொல்லாது. ஒரு சாப்பாட்ட பரிசோதிக்கணும்னா ஜோடியா பாருங்க: சாப்பிட உட்காருறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்சதுலேருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. சாப்பிட்டு முடிச்சதுலேருந்து இல்ல, முதல் வாய்லேருந்து. பொதுவான இலக்கு வெறும் வயித்துல 80ல இருந்து 130, சாப்பிட்ட பிறகு 180க்கு கீழ. தட்டுல என்ன எவ்ளோ இருந்துச்சுன்னு பக்கத்துல எழுதி வைங்க, எழுதாத நம்பர் ஒரு வாரத்துல அர்த்தம் இழந்துடும். இப்படி நாலஞ்சு வழக்கமான சாப்பாட்ட பாத்துட்டீங்கன்னா எந்த பட்டியலும் சொல்லாத விஷயம் உங்களுக்கு தெரிஞ்சிடும், ஒரே அளவு சோறு ரெண்டு பேருக்கு ரெண்டு மாதிரி ஏத்தும்.

குத்துறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவி நல்லா துடைச்சிட்டு பாருங்க. ஆரஞ்ச உரிச்ச விரல்ல அப்படியே குத்தினா தோல்ல ஒட்டின சாறு சொட்டு ரத்தத்தோட கலந்து தாறுமாறா ஏத்திக் காட்டும். ஈரமா இருந்தா ரத்தம் நீர்த்து குறைச்சுக் காட்டும். வீட்டு மீட்டருக்கு பொதுவா 15 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன காட்ட அனுமதி இருக்கு, அதனால 142, 151 ரெண்டையும் வச்சு கவலைப்படாதீங்க.

ராத்திரி லேசாதான் சாப்பிட்டேன், காலைல பாத்தா படுக்கும்போது இருந்தத விட அதிகமா இருக்கு, எப்படி?

விடியற்காலையில உடம்பு எழுந்திரிக்க தயாராகும்போது கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும், கல்லீரல் சேத்து வச்ச குளுக்கோஸ ரத்தத்துல விடும். சுகர் இல்லாதவங்களுக்கு இன்சுலின் கொஞ்சம் கூடுதலா வந்து சமன் பண்ணிடும், நமக்கு அது போதாம ஏறிடும். நீங்க ராத்திரி திருட்டுத்தனமா சாப்பிட்டீங்கன்னு வீட்ல சொன்னா நம்ப வேணாம்னு சொல்லுங்க. ராத்திரி சாப்பாட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளி கார்ப் குறைச்சு பாக்கலாம், சாப்பிட்டுட்டு நடக்கலாம். அப்பவும் தொடர்ந்து ஏறினா மருந்துலதான் மாத்தணும், பட்டினி கிடந்து சரி பண்ற விஷயம் இல்ல.

ஒரே சாப்பாடுதான், எதை முதல்ல சாப்பிட்டா என்ன?

வித்தியாசம் இருக்கு. காயும் புரோட்டீனும் முதல்ல, சோறோ ரொட்டியோ கடைசியில சாப்பிட்டா சாப்பிட்ட பிறகான ஏத்தம் குறையிறத ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. காசு செலவில்லாத விஷயம், முயற்சி பண்ணுங்க. சாப்பிட்டவுடனே பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, தசை வேலை செய்யும்போது இன்சுலினோட உதவி பெருசா இல்லாமலே குளுக்கோஸ இழுத்துக்கும். சோத்த ஆற வச்சு சாப்பிட்டா ஏறாதுன்னு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆறும்போது மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத வகையா மாறும், ஆனா லாபம் கொஞ்சம்தான், அத நம்பி அளவ கூட்டிடாதீங்க.

நாளைலேருந்து கார்ப்ப பாதியா குறைக்கப் போறேன், மாத்திரைய அப்படியே போடலாம்ல?

இந்த பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பேன்னா இத படிங்க. இன்சுலின் போடுறவங்களும் கிளிமெப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுக்குறவங்களும் டாக்டர்ட்ட சொல்லாம திடீர்னு சாப்பாட்ட குறைக்கக் கூடாது. அந்த மருந்து நீங்க பழைய அளவு சாப்பிடுவீங்கன்னு கணக்கு பண்ணி கொடுத்தது, சாப்பாடு குறைஞ்சா லோ சுகர் ஆகும். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்குறவங்களுக்கு அந்த பயம் ரொம்ப கம்மி.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி, சிறுநீர்ல சர்க்கரைய வெளியேத்துற மாத்திரை எடுக்குறவங்களுக்கு வேற ஆபத்து. கார்ப்ப ரொம்ப குறைச்சாலோ பட்டினி இருந்தாலோ ரத்தத்துல கீட்டோன் அமிலம் (உடம்பு கொழுப்ப உடைக்கும்போது வர்றது) சேரலாம், மோசமான விஷயம் என்னன்னா அப்போ சுகர் நம்பர் பெருசா ஏறியிருக்காது, அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறது வந்தா மீட்டர் நல்ல நம்பர் காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, என்ன மாத்திரை எடுக்குறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் பண்ணலாமா?

எடை குறைய சிலருக்கு உதவுது, மொத்தமா சாப்பிடுற அளவு குறையிறதாலதான் பெரும்பாலும். ஆனா போன கேள்வியில சொன்ன ரெண்டு வகை மருந்தும் இங்கயும் அப்படியே பொருந்தும். பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருந்துட்டு முதல் சாப்பாட்டுல மூணு வேளைக்கானத அள்ளிப் போட்டா மீட்டர்ல அது நல்லா தெரியும்.

லோ சுகர் ஆனா ஒரு சாக்லேட் சாப்பிட்டா போதும்ல?

சாக்லேட் சரியான மருந்து இல்ல, கொழுப்பு இருக்கிறதால சர்க்கரை மெதுவா ஏறும், உங்களுக்கு வேண்டியது வேகம். 70க்கு கீழ போச்சுன்னா 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது அரை டம்ளர் ஜூஸ், இல்ல ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு, இல்ல குளுக்கோஸ் மாத்திரை. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, இன்னும் 70க்கு கீழன்னா திரும்ப ஒரு தடவ. மேல ஜூஸே வேணாம்னு சொன்னேன்ல, அது குடிக்க வேண்டிய ஒரே நேரம் இதுதான். மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறும், ஆஸ்பத்திரிக்கு தூக்குங்க.

அகார்போஸ் மாத்திரையும் சேர்த்து எடுக்குறவங்களுக்கு சாதாரண சர்க்கரை வேலை செய்யாது, அந்த மாத்திரை குடல்ல சர்க்கரைய உடைய விடாது. அவங்க குளுக்கோஸ்தான் கையில வச்சிருக்கணும்.

மீட்டர் 110 காட்டுது, ஆனா கை நடுங்குது, வேர்க்குது. லோ சுகரா?

பல மாசமா 250, 300லயே இருந்த உடம்பு அதையே வழக்கம்னு எடுத்துக்கிட்டிருக்கும், 110க்கு இறங்கும்போது ஆபத்துன்னு மணி அடிச்சிடும். டயட் நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கிற முதல் சில வாரத்துல இது நிறைய பேருக்கு வருது, பயந்து போய் இனிப்பு சாப்பிட்டு திரும்ப ஏத்தி விட்டுடுறாங்க. கை கழுவிட்டு இன்னொரு தடவ பாருங்க, 70க்கு மேலதான்னா உட்கார்ந்து தண்ணி குடிங்க, சாப்பாட்டு நேரம் நெருங்குச்சுன்னா சாப்பிடுங்க. கொஞ்ச நாள்ல உடம்பு பழகிடும். நெஞ்சு வலி, மூச்சு திணறல் சேர்ந்து வந்தா இது வேற, காத்திருக்க வேணாம்.

டயட் ஆரம்பிச்சதுலேருந்து கண்ணு மங்கலா தெரியுது, டயட்டே ஒத்துக்கலயோ?

சுகர் ஏறும்போதும் இறங்கும்போதும் கண் லென்ஸ்ல இருக்கிற நீர் அளவு மாறும், அதோட பவரும் மாறும். சில வாரத்துல நிலைக்கு வரும், அதுவரைக்கும் புதுக் கண்ணாடி வாங்காதீங்க, வாங்கினா அது கொஞ்ச நாள்ல பொருந்தாம போயிடும். ஆனா விழித்திரைய ஒரு தடவ கண் டாக்டர்ட்ட கட்டாயம் காட்டிடுங்க, சுகர் கண்டுபிடிச்சவுடனேயே செய்ய வேண்டிய டெஸ்ட் அது. திடீர்னு கரும்புள்ளி மிதக்குறது, திரை விழுந்த மாதிரி தெரியிறது இருந்தா அன்னைக்கே போங்க.

டயட்லயே சுகர் முழுசா குணமாயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

குணம்னு சொல்ல மாட்டேன், அடங்கிப் போகும்னு சொல்லலாம், அதுவும் எல்லாருக்கும் இல்ல. மருந்தெல்லாம் நிறுத்தி மூணு மாசமாவது ஆன பிறகு ஏ1சி 6.5க்கு கீழ இருந்தா அத அடங்கின நிலைன்னு 2021ல நிபுணர்கள் வரையறுத்தாங்க. பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல வந்தது. சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்கள மருத்துவ கண்காணிப்புல சில மாசம் தினம் சுமார் 850 கலோரிக்குள்ள வச்சாங்க. ஒரு வருஷ முடிவுல 46 சதவீதம் பேருக்கு அடங்குச்சு, 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு. ரெண்டாவது வருஷ முடிவுல அது 36 சதவீதமா குறைஞ்சுது, பெரும்பாலும் எடை திரும்ப ஏறினவங்களுக்கு.

இதுல எனக்கு நம்பிக்கை தர்ற விஷயம் இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா கல்லீரல்லயும் கணையத்துலயும் சேர்ந்த கொழுப்பு இறங்கி இன்சுலின் திரும்ப நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஆனா வீட்ல தனியா 850 கலோரின்னு ஆரம்பிக்காதீங்க. அடங்கின பிறகும் வருஷா வருஷம் ஏ1சி, கண், கிட்னி, கால் செக்கப் தொடரணும்.

நான் ஏற்கெனவே ஒல்லி, நானும் எடை குறைக்கணுமா?

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு) சரியா இருந்து இடுப்பு மட்டும் பெருத்திருந்தா கொஞ்சம் குறைச்சாலும் பலன் இருக்கும். நிஜமாவே ஒல்லியா இருந்து, டயட் ஒழுங்கா இருந்தும் எடை இன்னும் இறங்கி சுகர் ஏறிக்கிட்டே போனா சாப்பாட்ட மேல மேல குறைக்காதீங்க. பெரியவங்களுக்கும் மெதுவா வர்ற, உடம்பே கணையத்த தாக்குற வகை சுகர் இருக்கு, ஆரம்பத்துல டைப் 2 மாதிரியேதான் தெரியும். ஜிஏடி ஆன்டிபாடின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது தேவையான்னு டாக்டர கேளுங்க. அந்த வகையா இருந்தா இன்சுலின்தான் வேணும்.

டயட் விடாம இருக்கேன், ஆனாலும் மாத்திரை கூடிட்டே போகுது. நான் என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. 1977ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச பெரிய நீண்டகால ஆய்வுல, டயட் மட்டும்னு வச்சவங்கள்ல ஒன்பது வருஷம் கழிச்சு ஏ1சி 7க்கு கீழ இருந்தவங்க 9 சதவீதம் பேர்தான். கணையத்தோட திறன் வருஷப் போக்குல குறையிறது இந்த நோயோட இயல்பு. மாத்திரை கூடுறதும் இன்சுலினுக்கு போறதும் உங்க தோல்வி இல்ல, டயட் விட்டுடலாம்ங்கிற அனுமதியும் இல்ல, டயட் இருக்கறதாலதான் குறைஞ்ச மருந்துல ஓடுது. பல வருஷமா மெட்ஃபார்மின் எடுக்குறீங்கன்னா வைட்டமின் பி12 ஒரு தடவ பாத்துக்கோங்க, அது குறையலாம், கால் மரத்துப்போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூலிகைப் பொடி சாப்பிட்டு ஒருத்தருக்கு மாத்திரையே நின்னுடுச்சாம், நானும் வாங்கட்டுமா?

சுகருக்குன்னு விக்கிற சில பொடி, மாத்திரையில லேபிள்ல சொல்லாம கிளிபென்கிளமைடு கலந்திருந்தத பரிசோதனையில கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படிப்பட்டதுன்னா சுகர் குறையத்தான் செய்யும், நீங்க ஏற்கெனவே எடுக்குற மாத்திரையோட சேர்ந்து ராத்திரி தூக்கத்துல லோ ஆனா யாருக்கும் காரணம் தெரியாது. சாப்பிட்டுத்தான் இருக்கீங்கன்னா டாக்டர்ட்ட மறைக்காம அந்த டப்பாவையே கொண்டு போய் காட்டுங்க.

கிட்னி ரிப்போர்ட்ல புரோட்டீன் போகுதுன்னு வந்திருக்கு, இப்ப புரோட்டீன நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க, தசை கரையும். டயாலிசிஸ் இல்லாத கிட்னி பாதிப்புல ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு சுமார் 0.8 கிராம் புரோட்டீன்ங்கிறது வழக்கமான அளவு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். இந்த கட்டத்துல புரோட்டீன் பவுடர் வேணாம், உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. பொட்டாசியம் ஏறியிருந்தா மேல நான் நல்லதுன்னு சொன்ன சில பழம், கீரை, பயறுகூட உங்களுக்கு குறைக்க வேண்டி வரும், அதனால இங்கேருந்து பொதுப் பட்டியல விட்டுட்டு உங்க ரிப்போர்ட்ட வச்சு தனியா பிளான் போடணும்.

வீட்ல பாக்குறப்ப 200க்கு மேல, ஆனா ஏ1சி 6.4னு வருது. எது பொய்?

ரெண்டுமே நிஜமா இருக்கலாம். நீங்க எப்பவும் சாப்பிட்ட பிறகு உச்சத்துல மட்டும் பாத்தா மீட்டர் ஒரு பக்கத்த மட்டும் காட்டும், வேற வேற நேரத்துல பாருங்க. இன்னொரு காரணம் ரத்தம். சிவப்பணு 120 நாள் முழுசா வாழ்ந்தாத்தான் ஏ1சி கணக்கு சரி. ரத்தம் இழந்தவங்க, ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, சிவப்பணு சீக்கிரம் அழியிற நோய் இருக்கிறவங்களுக்கு ஏ1சி பொய்யா குறைஞ்சு காட்டும். இரும்புச்சத்து குறைவால வர்ற சோகையில தலைகீழா பொய்யா ஏறிக் காட்டும். இப்படி பொருந்தலைன்னா ஃப்ரக்டோசமைன்னு கடைசி ரெண்டு மூணு வார சராசரிய காட்டுற டெஸ்ட் இருக்கு, ரத்த அளவோட (ஹீமோகுளோபின்) சேர்த்து அதையும் பாக்க சொல்லி கேளுங்க, மீட்டர்ல எழுதி வச்ச நோட்டையும் கூட எடுத்துட்டு போங்க.

காய்ச்சல், வாந்தி, ஒண்ணும் சாப்பிடல. மருந்து போடணுமா வேணாமா?

சாப்பிடாட்டியும் காய்ச்சல் சுகர ஏத்தும், அதனால இன்சுலின தானா நிறுத்தக் கூடாது, அளவு மட்டும் மாத்த வேண்டி வரலாம். வாந்தி, பேதியில உடம்புல தண்ணி வத்தும்போது மெட்ஃபார்மினும், மேல சொன்ன சிறுநீர்ல சர்க்கரை வெளியேத்துற மாத்திரையும் தற்காலிகமா நிறுத்த சொல்வாங்க. கிளிமெப்பிரைடு வகை சாப்பாடு இல்லாம போட்டா லோ ஆகும். உங்க மருந்துல எது எந்த வகைன்னு உடம்பு நல்லா இருக்கும்போதே டாக்டர்ட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி மருந்து டப்பாவுலயே ஒட்டி வைங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவயாவது சுகர் பாருங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருங்க, தண்ணிகூட உள்ள நிக்கலைன்னா வீட்ல வச்சு சமாளிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.